பொடி என்ன நிறம்?

"அப்ப நான்தான் மாத்திக் கலந்திருப்பேன் போல, வாணிம்மா."

அத்தான் இதைத் தொலைபேசியில் சொன்னபோது பின்னணியில் தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா யாரையோ வாயை மூடச் சொன்னாள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் பேசினார்.

"நீ மிசின்ல வச்சுப் பாத்துட்டு சொல்ற. நான் வெறுங்கண்ணால பாத்தவன். எது சரியா இருக்கும்?"

"பரவாயில்ல அத்தான், யாருக்கும் நடக்கிறதுதானே" என்றேன். மன்னித்து விடுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

போன வாரம் வெளிநாட்டு விடுதியில் நான் ரொட்டி சுட்டுப் புகை மணியை அலறவிட்ட கதையை எழுதினேன். சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன். "எழுது. பேர மாத்தாம எழுது" என்றாள்.

நாலாம் நம்பர் மலை

அத்தான் என்றால் என் அக்கா சாந்தியின் கணவர், சிவலிங்கம். அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகிற வழியில் உள்ள ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களில் முதல் ஆள். முதல் ஆள் என்றால் பொடியைத் தண்ணீரில் கலப்பவர். மற்றவர்கள் டேங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே போவார்கள். கலவை சரியாக இருப்பது அவர் பொறுப்பு.

எங்கள் பக்கம் மழை தொடங்கினால் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும். கொழுந்து இலையில் முதலில் எண்ணெய் பட்டது மாதிரி ஒரு பொட்டு தெரியும். நாலு நாளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக வீங்கிவிடும். அதற்குக் கொப்பர் மருந்து அடிப்பார்கள். செம்பு கலந்த பொடி அது. ஸ்டோரில் இன்னொரு பொடியும் உண்டு. அது சிங்க், அதாவது துத்தநாகம். நோய்க்கானது அல்ல, செடிக்குச் சத்து. கொப்பர் பொடி வெளிர் பச்சை. சிங்க் பொடி வெள்ளை.

அந்த வருடம் மழையில் நாலாம் நம்பர் மலை முழுவதும் கொப்புளம் வந்துவிட்டது. மருந்து அடித்த மலைக்கு எப்படி நோய் வரும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை கேட்டார். கொப்பருக்குப் பதிலாக சிங்கைக் கலந்து அடித்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அத்தானுக்குக் கங்காணி வேலை கொடுப்பதாக இருந்த சமயம் அது. அது நின்றுபோனதோடு, இருக்கிற வேலைக்கும் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

நான் அப்போது விடுமுறையில் வந்திருந்தேன். வடக்கே ஒரு குளிர் நாட்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். விசாரணை தோட்டத்து ஆபிஸ் வாசலில் நடந்தது. நானும் போய் ஓரமாக நின்றேன்.

"தொர, நான் கொப்பர்தாங்க கலந்தேன்" என்றார் அத்தான். "சுத்து பிந்திப் போச்சுங்க. பத்து நாளைக்கு ஒருக்கா அடிக்க வேண்டியத இருபத்தஞ்சு நாள் கழிச்சு அடிக்கச் சொன்னீங்க. அதுக்குள்ள நோய் புடிச்சிருச்சு."

துரை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மருந்துச் சுற்றைத் தள்ளிப்போட்டவர் அவர்தான், எப்படி வாங்குவார்?

அப்போதுதான் அத்தான் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தா நிக்கிறது என் கொழுந்தியா. இந்த மாதிரிப் பொடிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறதுதான் அதுக்குப் படிப்பே. டேங்கி சல்லடையில இன்னும் அப்பிக்கிட்டு இருக்கு. அது கொண்டுபோய்ப் பாத்து சொல்லட்டும். அது என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கிறேங்க."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்தார் துரை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் தலையாட்டினார். இரண்டு பக்கமும் என் வார்த்தைக்குக் கட்டுப்படுவதாக முடிவானது. எனக்கு அந்த நிமிடம் உடம்பு ஒரு சாண் உயர்ந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பேச்சுக்கு ஆபிஸ் வாசலில் இப்படி ஒரு மரியாதை.

தூசிக்குள் பார்க்கிற வேலை

என் வேலை என்னவென்று இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடுவேன்.

ஒரு பொருளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க, அதன் படிகத்துக்குள் எக்ஸ்ரே கதிரை அனுப்பிப் பார்ப்பார்கள். அதற்குப் படிகம் ஓரளவாவது பெரிதாக இருக்க வேண்டும். உப்புக் கல்லில் உடைந்த துணுக்கு அளவாவது வேண்டும். பல உலோகச் சேர்மங்கள் அவ்வளவு பெரிதாக வளரவே வளராது. மாவாகத்தான் இருக்கும். அந்த மாவின் ஒரு துகளை எடுத்து இலத்திரன் (எலக்ட்ரான்) கதிரைச் செலுத்தினால், கதிர் அணுக்களில் பட்டுச் சிதறித் திரையில் புள்ளி புள்ளியாக விழும். துகளைத் திருப்பித் திருப்பி அந்தப் புள்ளிகளைச் சேகரித்துக் கணக்குப் போட்டால் எந்த அணு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உலோக அணு எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். அது எந்த உலோகம் என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. செம்பும் துத்தநாகமும் அணு வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. இலத்திரன் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் வேறு ஒரு சோதனையும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பார்க்கிற துகளுக்கு நிறமே கிடையாது. அவ்வளவு சின்னது. திரையில் எல்லாம் சாம்பல்தான்.

சல்லடையைச் சுரண்டிய அன்று

அத்தான் டேங்கியை வாசலுக்குக் கொண்டுவந்து கவிழ்த்தார். சல்லடையில் மண்ணும் துருவும் சேர்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு பேனாக்கத்தியால் சுரண்டி ஒரு கடித உறையில் போட்டேன்.

"இதப் பாரு" என்று தன் தலைத்துண்டை எடுத்து நீட்டினார். "கலக்குறப்ப கை தொடைச்ச துண்டு. பச்சைக் கறை இருக்கா? சிங்கா இருந்தா இப்படிப் புடிக்குமா? என் நகத்தப் பாரு."

நான் சிரித்தேன். "அத்தான், துண்டு பல நாள் துண்டு. அந்தக் கறை எந்த நாளுதுன்னு யாரு சொல்றது? நிறத்த வச்சு ஒன்னும் நிரூபிக்க ஏலாது. எனக்கு ஒரு தூசி போதும்."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்படியா" என்றார்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நடந்தபோது கண்டாக்கு ஐயா கூட வந்தார். தோட்டத்து வெளிவேலைகளைப் பார்க்கிறவர். நன்றாக உடுத்துவார், நிதானமாகப் பேசுவார்.

"ஒங்க அத்தான் நல்ல மனுசன் தங்கச்சி. நான் இல்லேங்கல. ஆனா அன்னைக்கி ஸ்டோர்ல ரெண்டு மூட்டையும் பக்கத்துல பக்கத்துல இருந்திச்சு. மழை இருட்டு வேற. அவசரத்துல மாறியிருக்கும். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு."

நான் அவரை நம்பினேன். ஏன் நம்பினேன் என்பதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் சப்பாத்துப் போட்டிருந்தார். என்னோடு சமமாகப் பேசினார். படித்தவர்கள் இரண்டு பேர் ஒரு தொழிலாளியைப் பற்றி இரக்கத்தோடு பேசிக்கொள்கிற சுகம் அதில் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து என் பஸ் செலவுக்குக் கொடுத்துக் கொடுத்து என்னைப் படிக்க வைத்த மனிதரைப் பற்றித்தான் அந்த இரக்கம்.

கண்டதும் காணாததும்

ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய் மாதிரியை வைத்தேன். நல்ல துகள் கிடைத்தது. இரண்டே நாளில் அமைப்பு வந்துவிட்டது.

அப்படி ஓர் அடுக்கு ஏற்கனவே அறியப்பட்டதுதான். கொப்பர் மருந்திலுள்ள செம்புச் சேர்மத்துக்கு அச்சு அசலாக அதே அடுக்கு. புத்தி சரியாக இருக்கிற யாரும் அந்த இடத்தில் "அப்படியானால் இது செம்புதான்" என்று எழுந்து போயிருப்பார்கள். எனக்கோ கண்டாக்கு ஐயாவின் பேச்சு மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. இது துத்தநாகமாகத்தான் இருக்க வேண்டும். அதே அடுக்கில் செம்புக்குப் பதிலாகத் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. அப்படி ஒன்றை யாரும் இதுவரை சொல்லவில்லை! எங்கள் தோட்டத்து டேங்கியில் உருவான புதுச் சேர்மம்! என் பெயரில் வரப்போகிற கட்டுரை!

கணக்கில் துத்தநாகத்தைப் போட்டேன். பிழை அளவு அழகாக இறங்கியது. செம்பைப் போட்டிருந்தாலும் அதே அளவு இறங்கியிருக்கும். போட்டுப் பார்க்கவில்லை.

செம்புக்கு ஒரு பழக்கம் உண்டு. தன்னைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களில் நாலைக் கிட்ட வைத்துக்கொண்டு இரண்டைத் தள்ளி வைக்கும். துத்தநாகத்துக்கு அந்தக் குணம் இல்லை. என் படத்தில் இரண்டு பிணைப்புகள் நீளமாக இருந்தன. கண்டேன். தரவு கொஞ்சம் சுமார் என்று ஒதுக்கினேன்.

உலோகம் எது என்று காட்டும் சோதனையையும் செய்தேன். செம்பு என்று பெரிய கோடு வந்தது. துகளைத் தாங்கிப் பிடிக்கிற வலையே செம்புக் கம்பிதான், எதை வைத்தாலும் செம்பு என்று காட்டத்தான் செய்யும் என்று அதையும் ஒதுக்கினேன். செம்புக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கோடு இருந்தது. அது செம்பினுடைய இரண்டாவது கோடு. அதைத் துத்தநாகம் என்று எடுத்துக்கொண்டேன். தங்க வலையில் வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் அரை நாளில் உண்மை தெரிந்திருக்கும்.

பல்கலைக்கழகத்துக் கடிதத் தாளில் துரைக்கு எழுதினேன். சல்லடையில் இருந்தது துத்தநாகச் சேர்மம், என் ஒப்பம். அந்தக் கடிதத்தைக் காலை பெரட்டில், எல்லா ஆட்களும் கூடியிருக்கிற இடத்தில், கண்டாக்கு ஐயா தமிழில் வாசித்தாராம். அன்றே அத்தானைப் புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அன்று மத்தியானம்தான் நான் தொடக்கத்தில் எழுதிய அந்தத் தொலைபேசிப் பேச்சு.

ஒரு கேள்வி

சில மாதம் கழித்து எங்கள் ஆய்வகக் கூட்டத்தில் என் "புதுச் சேர்மத்தை" விளக்கினேன். மாநாட்டுக்கும் சுருக்கம் அனுப்பியிருந்தேன். படங்கள் வண்ண வண்ணமாக இருந்தன. துத்தநாகத்துக்கு ஊதா நிறம் கொடுத்திருந்தேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். கருவிகளைப் பராமரிக்கிற ஒருவர் கடைசி வரிசையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். ஆராய்ச்சியாளர்கூட இல்லை. அவர் கேட்டார்:

"பொடி என்ன நிறம்?"

பழுப்பு, மண் கலந்தது என்றேன். "மண்ணைக் கழித்துவிட்டால்?" என்றார். அத்தானின் துண்டுதான் கண்ணில் வந்து நின்றது.

உறையில் மிச்சம் இருந்தது. நேராகப் போய் ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு அமோனியா ஊற்றினேன். ஹட்டனில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் இரசாயன டீச்சர் செய்து காட்டிய அதே சோதனை. அங்கே ஆய்வகம் என்பது ஒரு மேசையும் பூட்டிய அலுமாரியும்தான். செம்பு இருந்தால் கடும் நீலம் வரும் என்று சொல்லி, நாற்பது பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரி குழாயை சன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த விஷயம் இது.

மண் கீழே படிந்தது. மேலே இருந்த தண்ணீர் நீலமாகிக்கொண்டே வந்தது. குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன்.

மாநாட்டுக்கு அன்றைக்கே எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன், நாலு வரி.

தோட்டத்துக்கு எழுதவில்லை.

இதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன். என் பெயரைக் காப்பாற்ற அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அத்தானின் பெயருக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா பேசினாள். "அத்தான் இப்பல்லாம் பேசுறதே கொறைவு" என்றாள். "வாசக் கதவப் பூட்டிட்டமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்குறாரு. கறியில உப்புப் போட்டாச்சான்னு என்கிட்ட கேக்குறாரு, அவரே போட்டுட்டு." நான் "உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்தேன். மூன்று மாதமும் அப்படியே போயிற்று. வெட்கமாக இருக்கிறது.

பெரட்டு

விடுமுறை கிடைத்ததும் போனேன். வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்காமலே சொன்னேன். "அத்தான், அது கொப்பர்தான். நீங்க சரியாத்தான் கலந்தீங்க. நான்தான் பிழையாச் சொன்னேன்."

அக்கா கையிலிருந்த அகப்பையோடு திரும்பினாள். "எப்ப தெரியும் ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு மாசமா" என்றேன்.

அக்கா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அத்தான் சண்டை போடவில்லை, ஏசவில்லை. "மிசினும் பிழை விடுமா?" என்று மட்டும் கேட்டார். மிசின் பிழை விடவில்லை, நான்தான் என்றேன். அவருக்கு அது விளங்கினதாகத் தெரியவில்லை. மிசின் மேல் பழி போனதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. என்னைக் குற்றம் சொல்லாமல் இருக்க ஒரு வழி கிடைத்ததே என்ற நிம்மதி.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். ஆபிஸுக்குள் கூப்பிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளப் பார்த்தார் துரை. முதல் கடிதத்தை வெளியே வாசித்தார்கள், இதையும் வெளியேதான் வாசிப்பேன் என்றேன். பெண்கள் கூடையும் தலைக்கயிறுமாக நின்றார்கள். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். பிறகு கடிதத்தை மடித்துவிட்டு வாயால் சொன்னேன்.

"சிவலிங்கம் அத்தான் கலந்தது கொப்பர் மருந்துதான். சிங்க்னு சொன்னது நான். அது என் பிழை. தெரிஞ்ச பிறகும் மூணு மாசம் சொல்லாம இருந்தேன். அதுவும் என் பிழை."

"அப்ப ஏன் கொப்புளம் வந்திச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "சுத்து பிந்தினதால" என்றார் தோட்டத் தலைவர், சத்தமாக. துரை கடிகாரத்தைப் பார்த்தார். கண்டாக்கு ஐயா, "சரி சரி, மலைக்குப் போங்க" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லை. அவர் நினைத்ததைச் சொன்னார், அதற்கு ஒப்பம் வைத்தவள் நான்.

கங்காணி வேலை ஏற்கனவே வேறொருவருக்குப் போயிருந்தது. அவரிடமிருந்து பிடுங்கவா முடியும்? மருந்துக் கலவை வேலையை மட்டும் அத்தானுக்கு அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். மழை தொடங்குகிற பருவம், அன்றைக்கே அடிக்க வேண்டியிருந்தது.

ஸ்டோர் வாசலில் பொதியைக் கொடுத்தார்கள். மற்ற ஆட்கள் டேங்கிகளோடு தண்ணீர்ப் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள். "வாங்கண்ணே, நேரமாச்சு" என்று ஒருவன் அன்போடு கூப்பிட்டான். அத்தான் பொதியைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். பீப்பாய்க்குப் போகவில்லை.

ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, பாதையைக் கடந்து நான் நிற்கிற இடத்துக்கு வந்தார். கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாணிம்மா, இது கொப்பர்தானே? ஒருக்காப் பாத்துச் சொல்லிரு."

பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற பச்சை.

"பச்சையா இருக்கே அத்தான். ஒங்களுக்குத் தெரியலயா?"

"எனக்குப் பச்சையாத்தான் தெரியுது" என்றார். "அன்னைக்கும் அப்படித்தான் தெரிஞ்சிச்சு."

கையை எடுக்காமல், நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.